பாகப்பிரிவினையில் யார் பங்காளி? அம்பேத்கர் நடத்திய நெடும் போராட்டம்

அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு சேர்த்தே நாம் நினைவுகூர்கிறோம். பொதுச் சொத்தை எவ்வாறு பிரிப்பது, அதில் யாரைப் பங்காளியாக எண்ணுவது என்ற கேள்வியும் அவரது பொதுவாழ்வு நெடுகத் தொடர்ந்தது. அதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மகர் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். மராட்டிய கிராமங்களில் மகர்களுக்கு ‘வதன்’ நிலம் இருந்தது. இரவு பகல் பாராமல் அரசுக்கும் ஊருக்கும் ஊழியம் செய்வதற்கான கூலியே அந்நிலம். ஊரின் மகர் குடும்பங்கள் அனைத்துக்கும் அது பொது. எனவே தலைமுறைதோறும் பங்குகள் சுருங்கின, ஊழியம் சுருங்கவில்லை.

1927இல், நிலம் துண்டாவதைத் தடுக்கவென்று பம்பாய் அரசு கொண்டுவந்த மசோதாவைச் சட்டசபையில் அவர் எதிர்த்தார். வேறு தொழிலின்றி மக்கள் நிலத்தையே நம்பியிருப்பதுதான் துண்டாடலுக்குக் காரணம் என்றும், பிரிவினையைத் தடுத்தால் நிலமற்றோரே பெருகுவர் என்றும் வாதிட்டார். மறு ஆண்டு, முழு நிலவரி செலுத்தும் வதன்தாரர்கள் ஊழியத்திலிருந்து விடுபட்டு நிலத்தை வைத்துக்கொள்ள வழிசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அவர் மறைந்த பின்னர், 1958ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது.

சட்ட அமைச்சரானதும் இதே கேள்வியைக் குடும்பத்துக்குள் எழுப்பினார். மிதாட்சர முறையில் மகன் பிறப்பாலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளி. பாகம் பிரிக்கக் கோரலாம். மகளுக்கு அவ்வுரிமை இல்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா இந்தப் பிறப்புரிமையையே நீக்கி, ஒவ்வொருவர் பங்கையும் தனி உடைமையாக்கி, மகளுக்கு மகனுக்கு இணையான பங்கை அளிக்க முனைந்தது. கடும் எதிர்ப்பில் மசோதா கைவிடப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் பதவி விலகினார். அதற்கு அவர் கூறிய காரணங்களில் இதுவும் ஒன்று.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் ஆண்களின் கூட்டுரிமையைக் காத்தே வந்தது. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண்கள் பாகம் கேட்கவும் முடியாது. அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். தமிழ்நாடு 1989இல் மணமாகாத மகள்களைப் பங்காளிகளாக்கியது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நாடெங்கும் மகளைப் பிறப்பாலேயே பங்காளியாக்கி, வீடு குறித்த தடையையும் நீக்கியது. தந்தை அப்போது உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இன்றும் சீர்வரிசையைக் காட்டி, விடுதலைப் பத்திரத்தில் மகள்களிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் வீடுகளிலும் தொடர்கிறது. பங்காளிகள் சமமாகப் பிரித்துக்கொள்வது மட்டுமே நீதியாகிவிடாது. யாரைப் பங்காளியாக ஏற்கிறோம் என்பதிலேயே நீதி தொடங்குகிறது. ஊரிடமும் அரசிடமும் நிலவுரிமை கேட்கும் நாம், அந்தக் கணக்கை முதலில் நம் வீட்டுப் பத்திரத்தில் நேர்செய்வோம்.