ஜான் ஸ்டூவர்ட் மில் சரித்திரச் சுருக்கம்

சிறு தொகையினரின் குரலும் அரசியற் சபையில் ஒலித்தல் வேண்டுமென வாதித்த ஆங்கிலப் பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

மில் என்பார் 1806-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி லண்டன் மாநகரிற் பிறந்தார். இந்திய சரித்திரம் எழுதிப் புகழ்பெற்ற தந்தையார் ஜேம்ஸ் மில், மைந்தரைப் பள்ளிக்கனுப்பாது தாமே கற்பித்தார். மூன்றாம் பிராயத்திலேயே கிரேக்க பாஷை தொடங்கப்பெற்றது. 1823-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் அமர்ந்து, 1858 வரை உத்தியோகம் வகித்தார். நம் தேசத்திற்குரிய கடிதங்கள் பலவற்றை வரைந்தும், நம் தேசத்தைக் கண்ணாற் கண்டவரல்லர்.

அவர் மனத்தை வருத்திய குறை யாதெனின்: ஒரு தொகுதியில் ஆயிரம் வோட்டுக்களுள் ஓர் அபேட்சகர் 400, மற்றொருவர் 350, வேறொருவர் 250 பெறின், 400 பெற்றவரே பிரதிநிதியாவர். எஞ்சிய 600 பேர்க்காகப் பேசுவார் யார்? தம் வோட்டு என்றும் பயன்படாதென்று கண்டவர், நாளடைவில் வோட்டுச் சாவடிக்குச் செல்வதையும் ஒழிப்பர்.

இதற்குத் தாமஸ் ஹேர் என்பார் 1859-ல் ஒரு நூலில் பரிகாரங் கூறினார். 9,000 பேர் மூவரைத் தெரிந்தெடுப்பதாயின், 3,000 வோட்டுப் பெற்றவர் தேறியவராவர். வோட்டர் தம் சீட்டில் 1, 2, 3 என விருப்ப வரிசையைக் குறிப்பர். தேறியவர்க்கு மிஞ்சிய வோட்டுக்களும், கடைப்பட்டு விலக்கப்பட்டவரின் வோட்டுக்களும் அடுத்த விருப்பத்தினரைச் சேரும். இம்முறையை மில் மகிழ்ந்தேற்று, 1861-ல் பிரதிநிதித்துவ அரசாங்கத்தைப்பற்றித் தாம் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார்.

1865-ல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியார் அவரை நிற்க வேண்டினர். தேர்தலுக்குத் தாம் பொருள் செலவிடுவதில்லையென்றும், ஸ்திரீகளுக்கும் வோட்டுரிமை வேண்டுமென்றும் முன்னரே அறிவித்தார். தொழிலாளர் பெரும்பாலும் பொய்யரென எழுதியதுண்டோவென்று ஒரு கூட்டத்தில் வினவப்பட, எழுதியதுண்டென்று தயங்காது ஒப்பினார். தொழிலாளர் சினவாது கரகோஷஞ் செய்தனர், வெற்றியும் அவரதாயிற்று.

1867 மே மாதம் ஸ்திரீகளின் வோட்டுரிமைக்காக அவர் கொணர்ந்த திருத்தம் 73-க்கு 196 என்னும் வோட்டுக்களால் வீழ்ந்தது. அம்மாதத்திலேயே ஹேரின் முறையையும் சபைமுன் வைத்தார். ஆதரவின்மையால் திரும்பப் பெற்றார். 1868 தேர்தலில் தோல்வியுற்று, 1873-ல் பிரான்சு தேசத்து அவிஞோன் நகரில் உயிர் நீத்தார்.

அவர்பாற் குறையில்லையென்று கூறோம். கற்றவர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வோட்டு வேண்டுமென்றார். இந்தியர் தம்மைத் தாமே ஆளுந் தகுதி பெற்றிலரென்றும் கருதினார். எனினும் அவர் விதைத்த விதை பழுதுபடவில்லை. இங்கிலாந்தில் ஸ்திரீகள் 1928-ல் ஆடவரோடு சமமான வோட்டுரிமை எய்தினர். பார்லிமெண்டுக்கு அத்தேசத்தார் இன்றும் பழைய முறையிலேயே வோட்டளிப்பினும், அயர்லாந்திலும் மால்ட்டாவிலும் விருப்ப வரிசை முறை வழங்குகின்றது. நம் தேசத்தில் லோக சபைத் தேர்தல் அதிக வோட்டுப் பெற்றவரே வெல்லும் முறையிலும், ஜனாதிபதி தேர்தலும் மாநிலச் சட்டசபையார் ராஜ்ய சபைக்கு நடத்துந் தேர்தலும் விருப்ப வரிசை முறையிலும் நடைபெறுகின்றன.

சங்கக் காரியங்களில் ஈடுபடும் நாமும் இதனை உள்ளத்திற் கொள்ளுதல் நலம். தீர்மானிக்கும் உரிமை பெருந் தொகையினர்க்கு உண்டு. தம் கருத்தைச் சபையிற் கேட்கச்செய்யும் உரிமையோ, தோற்றவரிலும் எவரையும் விட்டு நீங்குவதன்று.