ஓமந்தூரார் துறந்த வருவாய்

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய நேர்மையில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். சிபாரிசுகளுக்குச் செவிசாய்க்காதவர், சொந்தக் கட்சியினரையே நிர்வாகத்தில் தலையிட விடாதவர், பதவி போனபோது ஊருக்குத் திரும்பும் உழவரைப்போல் புறப்பட்டவர் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு முதலமைச்சரை அவருடைய தனி ஒழுக்கத்தைக்கொண்டு மட்டும் அளப்பது எனக்கு நிறைவளிப்பதில்லை. அவர் கையில் இருந்த கருவூலத்தையும், அதைக்கொண்டு அவர் எடுத்த முடிவுகளையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஓமந்தூரார் இன்னும் உயர்ந்தே தெரிகிறார். சில கேள்விகளும் எழுகின்றன.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895 பிப்ரவரி 1 அன்று ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தென்னார்க்காடு மாவட்டத்துக் காங்கிரஸில் வளர்ந்தார். ரமணரிடமும் வள்ளலார் நெறியிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். 1947 மார்ச்சில், பிரகாசம் தம் கட்சியினரின் ஆதரவை இழந்தபோது, கோஷ்டிகள் ஏற்கக்கூடிய மனிதராக இவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுவே பெயர்.

அவர் ஏற்றுக்கொண்ட கருவூலம் எத்தகையது? 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் நிலவரி, மதுவின் மீதான ஆயத்தீர்வை, விற்பனை வரி ஆகியவற்றை மாகாணங்களுக்கு ஒதுக்கியிருந்தது. வருமான வரியை மைய அரசு வசூலித்துப் பாதியை மாகாணங்களுக்குப் பகிர்ந்தளித்தது. அந்தப் பாதியில் சென்னையின் பங்கு நெய்மியர் தீர்ப்பின்படி 15 விழுக்காடு. நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு அது 18 ஆயிற்று. ஆனால் மாகாணம் தானே விதித்துத் தானே வசூலித்த வரிகளில் கள், சாராயக் கடைகளின் வருவாய் மிகப் பெரியது. 1930களில் மாகாணத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதிலிருந்தே வந்தது.

ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும் இந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. 1939இல் அவர் கொண்டுவந்த பொது விற்பனை வரி அதற்காகத்தான். வணிகர்கள் கொதித்தார்கள். மைய அரசு வழக்குக்கே போயிற்று. உற்பத்தியாளரின் முதல் விற்பனைக்கு வரி விதிப்பது தனக்குரிய உற்பத்தி வரியில் கைவைப்பதாகும் என்பது அதன் வாதம். கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. லண்டன் பிரிவி கவுன்சிலும் 1945இல் சென்னை மாகாணத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நம் நிதி வரலாற்றில் இவ்வளவு முக்கியமான வழக்கு பாடப்புத்தகங்களில் ஏன் இடம்பெறுவதில்லை என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

இதற்கிடையே போர்க்காலத்தில், 1943இல், ஆளுநரின் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. ஈடுகட்டப் பிறந்த விற்பனை வரியோ நீடித்தது. ஆக, பிரகாசம் காலத்தில் சில மாவட்டங்களில் மதுவிலக்கு திரும்பத் தொடங்கியிருந்தாலும், ஓமந்தூரார் வந்தபோது அரசுக்கு இரண்டு வருவாயும் வந்துகொண்டிருந்தன. இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணங்களும் ஏராளமாக இருந்தன. உணவுத் தட்டுப்பாடு, விலைவாசி உயர்வு, ஹைதராபாத் எல்லையில் பதற்றம், ஜமீன் ஒழிப்புக்குத் தர வேண்டிய இழப்பீடு எனச் செலவுகள் வரிசையில் நின்றன. அந்த நிலையில்தான் 1948 அக்டோபர் 2 அன்று மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, ஆலயப் பிரவேசச் சட்டம் என அவருடைய இரண்டாண்டு ஆட்சியின் சாதனைகள் நீளமானவை. எனினும் ஆண்டுதோறும் கருவூலத்துக்கு வலித்த முடிவு இதுதான்.

இந்த முடிவைச் சுமந்தவர்கள் எல்லோரும் ஒரே அளவில் சுமக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விழுப்புரம், விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனையேறிகளுக்குக் கள் தொழில் போயிற்று. பதநீர் இறக்கிப் பனைவெல்லம் காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்களை அரசு ஊக்குவித்தது. ஆனால் பாளை சீவிய கைக்குக் கள் தந்த கூலியை வெல்லம் தரவில்லை. உப்பும் துணியும் வாங்கிய ஏழையும் விற்பனை வரியைச் சேர்த்தே கொடுத்தார். காவல்துறைக்குக் கள்ளச்சாராய வேட்டை ஓயாத வேலையாயிற்று. ஓமந்தூராரைப் போற்றுகிறவன் என்ற முறையிலும் இக்கணக்கை நான் விலக்கிவிட முடியாது. ஆனாலும் அவரால் அந்த முடிவை எடுக்க முடிந்தது. ஒரு வருவாயைக் கைவிட்டால் இன்னொன்றை உயர்த்திக்கொள்ளும் அதிகாரம் மாகாணத்தின் கையில் இருந்தது.

1948இல் பிரகாசத்தைத் தோற்கடித்துக் கட்சித் தலைமையைத் தக்கவைத்துக்கொண்டவர், அடுத்த ஆண்டே சொந்தக் கட்சியினரின் ஆதரவை இழந்தார். 1949 ஏப்ரல் 6 அன்று விலகினார். குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். ஓமந்தூரார் வடலூருக்குப் போய்க் கல்விப் பணியிலும் அறப்பணியிலும் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 1970 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார்.

அவர் மறைந்த மறு ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அதற்குக் கருணாநிதி அரசு சொன்ன காரணத்தை இங்கே நினைவுகூர வேண்டும். புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களின் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்ய மத்திய அரசு முன்வந்திருந்தது. ஏற்கெனவே கடைப்பிடித்து வந்த தமிழ்நாட்டுக்கு அந்த உதவி மறுக்கப்பட்டது. அந்தக் காரணம் முழு உண்மையா, அரசியல் சாக்கா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இழப்பைத் தாங்கிய மாநிலத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்ற ஏற்பாட்டில் நியாயம் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

1974இல் மதுவிலக்கு திரும்ப வந்தது, 1981இல் மறுபடி போனது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, 1939இல் தொடங்கிய அந்த விற்பனை வரியின் பெரும்பகுதி மாநிலத்தின் தனி முடிவுக்கு அப்பால் சென்றுவிட்டது. மாநிலம் தானே விகிதம் நிர்ணயிக்கக்கூடிய பெரிய வரிகளாக மது, பெட்ரோல், டீசல், முத்திரைத்தாள், வாகனம் என்று சிலவே மிஞ்சியிருக்கின்றன. 2023-24ஆம் ஆண்டில் மது தந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஓமந்தூராரைப்போல் ஒருவர் இன்று அதைத் துறக்க எண்ணினால், ஈடுகட்டத் திரும்பக்கூடிய பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

மதுக்கடை எல்லா ஊரிலும் இருந்தும் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடவில்லை. 2023 மே மாதத்தில், ஓமந்தூர் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள்.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் மட்டும் வைத்து நடத்த முடியாத சிற்றூராட்சிகள் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருக்கின்றன. அந்தச் சொந்த வரி வருவாயில் மதுவின் வரியும் அடக்கம். ஓமந்தூர் ஊராட்சிக்குப் போகும் பங்கும் அதிலிருந்துதான் வருகிறது.