எலும்பின் கணக்கைச் சொன்னவர்

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். இயற்பியல் வகுப்பில் கடைசி பெஞ்ச்காரன் நான். ஆனாலும் ஒரு விஞ்ஞானியைப் பற்றித்தான் எழுதப்போறேன்.

எனக்குக் கீழ்த்தாடையில் டைட்டானியம் திருகு வைத்த டாக்டர், மூன்று மாதம் அந்தப் பக்கம் மெல்லவே கூடாது என்றார். கேட்டேனா? ஐந்தாவது வாரமே திண்டுக்கல் கல்யாண வீட்டுப் பிரியாணியில் எலும்பைக் கடித்தேன். திருகு ஆடிப்போச்சு. ஆடுகிற திருகைச் சுற்றி எலும்பு பிடிக்காது, நார்த்திசுதான் வளருமாம். கழற்றிவிட்டார்கள். அப்போதுதான் ஜூலியஸ் உல்ஃப் பெயரைக் கேள்விப்பட்டேன்.

உல்ஃப் 1836-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். பெர்லினில் படித்து அறுவை மருத்துவர் ஆனார். ஸூரிச்சில் மேயர் என்ற உடற்கூறு பேராசிரியர் காட்டிய தொடை எலும்பின் உள்வரிகள், குல்மான் என்ற பொறியாளருக்குக் கிரேனின் விசைக்கோடுகளாகத் தெரிந்தன. அந்தச் செய்தியை உல்ஃப் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1870-ல் கட்டுரை, 1892-ல் பெரிய நூல். பாரம் மாறினால் எலும்பும் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதே அவர் விதி. பல் போன இடத்தில் தாடை எலும்பு கரைவதும் இதனால்தான்.

அவருடைய கணக்கு முழுவதும் சரியல்ல. அசையாமல் அழுத்தும் பாரத்தைவிட, விட்டுவிட்டு வரும் பாரத்துக்கே எலும்பு அதிகம் வளரும் என்பது பின்னால் தெரிந்தது. 1902-ல் பெர்லினில் காலமானார்.

இரண்டாவது திருகுக்கு ஒழுங்காகக் காத்திருந்தேன். இப்போ முறுக்கே கடிக்கிறேன்! தம்பி தங்கைகளே, பாரம் நல்லதுதான். வேர் பிடித்த பிறகு சுமங்கள்.