புதுமை இசைவாணர் ஐவ்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கே கனெக்டிகட் என்னும் மாநிலம் உள்ளது. அங்குள்ள டான்பரி என்னும் ஊரில் 1874-ஆம் ஆண்டு சார்லஸ் ஐவ்ஸ் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜார்ஜ் ஐவ்ஸ், பாண்டு வாத்தியக் குழுவின் தலைவர். ஒலியின் இயல்புகளை ஆராய்வதில் பெருவேட்கை உடையவர். மகனை ஒரு சுருதியில் பாடச் செய்து, தாம் வேறொரு சுருதியில் பக்க இசை வாசிப்பார். இரு குழுவினரை வெவ்வேறு இசை முழக்கியவாறு எதிரெதிரே நடந்துவரச் செய்து, அவ்வொலிகள் கலக்கும் பாங்கினைக் கூர்ந்து கேட்பார். பிறர்க்கு இரைச்சலாகப்பட்ட அக்கலப்பில் இளைஞர் ஐவ்ஸ் புதியதோர் அழகினை உணர்ந்தார்.

பதினான்காம் வயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பணியை ஏற்ற ஐவ்ஸ், யேல் பல்கலைக்கழகத்தில் முறையாக இசை பயின்று, 1898-இல் பட்டம் பெற்றார். பிறர் விரும்பும் பழகிய இசையை இயற்றினால் வாழ்க்கைக்கு வேண்டிய பொருள் கிடைக்கும். தாம் விரும்பும் புதிய இசையை இயற்றினால் வறுமையே வந்தெய்தும். இவ்விரண்டினையும் விடுத்து அவர் மூன்றாவது வழியொன்றினை மேற்கொண்டார். நியூயார்க் நகரில் ஆயுள் காப்பீட்டுத் தொழிலில் புகுந்தார். 1909-இல் மைரிக் என்பவருடன் சேர்ந்து அவர் நிறுவிய நிலையம் நன்கு தழைத்தது. பகலில் அலுவலகத்தில் உழைத்தார். இரவிலும் விடுமுறை நாள்களிலும் இசை இயற்றினார்.

ஆயினும், அவ்விசையைக் கேட்பார் இலர். பெயர்பெற்ற வயலின் கலைஞர் ஒருவர் அவர் இயற்றிய இசையை வாசிக்கத் தொடங்கி, முதற் பக்கத்தையும் கடக்க மாட்டாமல் சினந்து அகன்றார். தம் செவிகளே பழுதோ என்று ஐவ்ஸ் ஐயுற்றதும் உண்டு. எனினும், எழுதுவதை அவர் நிறுத்தினாரல்லர். 1918-இல் கடும் நோயுற்ற பின்னர்த் தம் படைப்புகளை ஒழுங்குபடுத்தலானார். பியானோவிற்கென இயற்றிய கான்கார்டு சொனாட்டாவையும், 1922-இல் 114 பாடல்கள் கொண்ட தொகுப்பையும் தம் செலவில் அச்சிட்டு, இசைவாணர் பலர்க்கும் விலையின்றி அனுப்பினார். பலர் எள்ளி நகையாடினர்; மிகச் சிலரே கருத்துடன் பயின்றனர். நோயின் கொடுமையால் 1927-ஆம் ஆண்டளவில் புதியன இயற்றும் ஆற்றலும் அவரை விட்டு நீங்கிற்று.

ஆனால், அச்சிட்டு அனுப்பிய ஏடுகள் வீண்போகவில்லை. கான்கார்டு சொனாட்டாவைப் பல ஆண்டுகள் பயின்ற ஜான் கிர்க்பாட்ரிக் என்னும் கலைஞர், 1939-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நியூயார்க் டவுன் ஹால் அரங்கில் அதனை முழுமையாக வாசித்தார். கேட்டோர் வியந்தனர், நாளிதழ் பாராட்டியது. பல்லாண்டுகட்கு முன் இயற்றிய மூன்றாம் சிம்பொனி 1946-இல் அரங்கேறியது. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. பரிசுத் தொகையை ஐவ்ஸ் பிறர்க்கு அளித்துவிட்டார். இரண்டாம் சிம்பொனி 1951-இல் அரங்கேறியபோது அவர் முதுமையும் நோயும் உற்றிருந்தார். வானொலி வாயிலாகவே அதனைக் கேட்டார். 1954-இல் மறைந்தார். அவருடைய நான்காம் சிம்பொனி 1965-இல்தான் முழுமையாக ஒலித்தது. அதனைக் கேட்க அவர் இல்லை.

கேட்பார் இல்லை என்று ஐவ்ஸ் தம் இசையை மாற்றவில்லை. கேட்க விரும்புவோர் கைக்கு எட்டுமாறு அதனை வழங்கிவிட்டுத் தம் கடமையைச் செய்தார். புதியது படைப்போர்க்குப் பொறுமை வேண்டும். புதியது கேட்போர்க்கும் அது வேண்டும். முதன்முறை கேட்டு நகைத்தவர்கள் மறுமுறையும் கேட்டிருப்பாராயின், அவர் அத்துணை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திராது.