தேர்வில் தோற்ற ஆசிரியர் கிரிகோர் மெண்டல்

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் சில இல்லங்களில் மகிழ்ச்சி பொங்குவதையும், வேறு சில இல்லங்களில் துயரம் குடிகொள்வதையும் நாம் காண்கின்றோம். வெற்றி பெற்ற மாணவரைப் பாராட்டச் சுற்றமும் நட்பும் திரளும். தோல்வியுற்ற மாணவரோ ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவார். அத்தகைய மாணவர்க்கு ஆறுதலும், அவர்தம் பெற்றோர்க்குத் தெளிவும் தரவல்ல ஒரு பெருமகனாரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகின்றோம். ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இருமுறை சென்றும் வெற்றி காணாத அவர், மரபியல் என்னும் அறிவியல் துறையின் தந்தை என இன்று உலகெங்கும் போற்றப்படுகின்றார். அவர்தாம் கிரிகோர் மெண்டல்.

இளமையும் வறுமையும்

மெண்டல் 1822ஆம் ஆண்டில், ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஹைன்சன்டார்ஃப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் யோகான் என்பதாகும். தந்தையார் அந்தோன் ஓர் எளிய குடியானவர். சொந்தமாகச் சிறிது நிலம் இருந்தபோதிலும், வாரத்தில் மூன்று நாள் பண்ணையாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்கும் கடமை அவருக்கு இருந்தது. எஞ்சிய நாள்களில் தம் வயலையும் பழமரங்களையும் பேணினார். செடிகொடிகளை வளர்ப்பதிலும் ஒட்டுக்கட்டுவதிலும் சிறுவர் யோகானுக்கு இளமையிலேயே பழக்கம் ஏற்பட்டது.

சிறுவரின் அறிவுக்கூர்மையைக் கண்ட ஊர்ப் பள்ளி ஆசிரியர், அவரை மேலும் படிக்க வைக்குமாறு பெற்றோரிடம் வற்புறுத்தினார். நிலத்தைப் பார்க்க வேண்டிய ஒரே மகனைப் பெற்றோர் வெளியூருக்கு அனுப்பி வைத்தனர். விடுதியில் முழு உணவுக்குப் பணம் கட்ட அவர்களால் இயலவில்லை. ஆகவே மகன் அரை வயிற்று உணவோடு படித்தார். 1838ஆம் ஆண்டில், காட்டில் வேலை செய்துகொண்டிருந்த தந்தையார் மீது மரக்கட்டை விழுந்து, அவர் பலத்த காயமுற்றார். அதன்பின் வீட்டிலிருந்து பண உதவி குறைந்தது. பதினாறு வயதேயான மெண்டல், பிற மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் வயிற்றைக் கழுவலானார்.

உள்ளம் சோர்ந்த நாள்கள்

வறுமையும் கவலையும் அவரை வாட்டின. 1839ஆம் ஆண்டில் அவர் நோயுற்றுப் பல மாதங்கள் வீட்டில் கிடந்தார். பின்னர் ஓல்முட்ஸ் நகரிலுள்ள உயர்கல்வி நிலையத்திற்குச் சென்றபோது, பாடம் கேட்க மாணவர் எவரும் கிடைக்கவில்லை. மீண்டும் படுக்கையில் விழுந்தார். இம்முறை ஏறக்குறைய ஓராண்டுக் கல்வி தடைபட்டது. அக்காலத்தார் இதனை வெறும் நோய் என்றே கூறினர். மனச்சோர்வு என்று இன்று நாம் அறிந்துள்ள நிலையோடு இது பெரிதும் ஒத்திருந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

இந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் தங்கை தெரேசியா. தம் திருமணத்திற்கென ஒதுக்கப்பட்ட சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் கல்விக்கென அவ்வம்மையார் விட்டுக்கொடுத்தார். அந்த உதவியால் மெண்டல் மீண்டும் எழுந்து படிப்பை முடித்தார்.

மடமும் மாற்றுத் தொழிலும்

1843ஆம் ஆண்டில், இன்று பிரனோ என வழங்கும் நகரிலுள்ள புனித தோமையார் மடத்தில் மெண்டல் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிரிகோர் என்னும் பெயர் சூட்டப்பட்டது. பிழைப்பைப் பற்றிய கவலை நீங்கியது. கற்றறிந்தோர் பலர் அம்மடத்தில் வாழ்ந்தனர். நூலகமும் தோட்டமும் இருந்தன.

1847ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்ற பின்னர், நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் கூறும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. பிறர் படும் வேதனையைக் காணப் பொறாமல் அவரே நோயுற்றார். மடத்துத் தலைவர் சிரில் நாப் இதனைக் கண்ணுற்றார். இளந்துறவியை அவர் கடிந்துகொள்ளவில்லை. இவருடைய இயல்புக்கு இப்பணி பொருந்தாது என்பதை உணர்ந்து, 1849ஆம் ஆண்டில் ஸ்னைம் என்னும் ஊர்ப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார். புதிய தொழிலில் மெண்டல் மலர்ச்சியடைந்தார். மாணவர்களும் அவரை விரும்பினர்.

ஆயினும் நிலையான ஆசிரியராவதற்குத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 1850ஆம் ஆண்டில் அத்தேர்வை எழுதிய மெண்டல் தோல்வியுற்றார். பிறர் உதவியின்றித் தாமே படித்த பாடங்களில் அவருக்குப் போதிய பயிற்சி இருக்கவில்லை. நாப் அடிகளார் இப்போதும் அவரைக் கைவிடவில்லை. 1851 முதல் 1853 வரை வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பயில அனுப்பி வைத்தார். அங்கே மெண்டல் இயற்பியலும் கணிதமும் தாவரவியலும் கற்றார். 1854ஆம் ஆண்டு முதல் பிரனோ நகரில் மீண்டும் தற்காலிக ஆசிரியரானார். 1856ஆம் ஆண்டில் இரண்டாம் முறையாகத் தேர்வுக்குச் சென்றார். உடலும் உள்ளமும் தளர்ந்து, தேர்வை முடிக்காமலே திரும்பினார். அதன்பின் அத்தேர்வை அவர் எழுதவேயில்லை. 1868 வரை தற்காலிக ஆசிரியராகவே பணியாற்றினார்.

பட்டாணிச் செடி சொன்ன கணக்கு

தேர்வில் இரண்டாம் முறை தளர்ந்த அதே 1856ஆம் ஆண்டில்தான் அவருடைய பெரும்பணி தொடங்கியது. மடத்துத் தோட்டத்தில், ஏறக்குறைய 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாத்தியில் பட்டாணி பயிரிட்டார். பூவின் மொட்டைப் பிரித்து, முற்றாத மகரந்தப் பைகளை அகற்றி, வேறொரு செடியின் மகரந்தத்தை இட்டு, பூவை உறையிட்டு மூடினார். பின்னர்க் கிடைத்த விதைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்து வைத்தார். எட்டாண்டுக் காலம் இவ்வாறு உழைத்து, ஏறக்குறைய 28,000 செடிகளை ஆராய்ந்தார்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லா விதைகளும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அழிந்துவிட்டது போலத் தோன்றியது. அவ்விதைகளை நட்டுப் பார்த்தபோது, அடுத்த தலைமுறையில் கிடைத்த 7,324 விதைகளுள் 5,474 உருண்டையாகவும், 1,850 சுருங்கியும் இருந்தன. மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு அது. தாயும் தந்தையும் ஆளுக்கொரு கூற்றைப் பிள்ளைக்குத் தருகின்றனர். ஒரு கூறு ஓங்கி நிற்கும்போது மற்றொன்று மறைந்திருக்கும். மறைந்தது அழிவதில்லை, பின்னொரு தலைமுறையில் வெளிப்படும். இதுவே மெண்டல் கண்ட விதி.

இவ்விதி நம் தோட்டத் தொழிலாளர்க்கும் அயலானதன்று. செம்பனையில் தடித்த ஓடுடைய டூரா என்னும் இனமும், ஓடில்லாத பிசிஃபெரா என்னும் இனமும் உள்ளன. இவ்விரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உடைய டெனெரா கிடைக்கின்றது. இந்தத் தொடர்பு மெண்டலின் விதிப்படியே அமைந்துள்ளதை, 1941ஆம் ஆண்டில் காங்கோ நாட்டில் பணியாற்றிய பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மலேசியத் தோட்டங்களில் இன்று பெரும்பாலும் இருப்பவை டெனெரா மரங்களே. டெனெரா மரங்கள் தமக்குள் கலந்து விளையும் விதையை நட்டால், நான்கில் ஒரு பங்கு தடித்த ஓட்டு மரமாகவும், ஒரு பங்கு ஓடில்லா மரமாகவும் பிரிந்துவிடும். ஓடில்லா மரங்களில் பெரும்பாலானவை நன்கு குலை தருவதில்லை. மரத்தடியில் தானாக முளைத்த கன்றை நடாமல், ஆய்வு நிலையங்களில் கலந்தெடுத்த விதையையே தோட்டங்கள் விலைகொடுத்து வாங்குவதன் காரணம் இதுவேயாகும்.

புகழ் வந்த காலம்

1865ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிரனோ நகர் இயற்கை அறிவியல் கழகத்தில் மெண்டல் தம் ஆய்வைப் படித்தார். மறு ஆண்டில் அஃது அச்சில் வந்தது. தாவரத்தைக் கணிதத்தால் விளக்கும் முறை அறிஞர்க்குப் புதிதாக இருந்தமையால், அதன் பெருமையை அன்று எவரும் உணரவில்லை. 1868ஆம் ஆண்டில் அவர் மடத்தின் தலைவரானார். நிருவாகச் சுமையால் ஆய்வு குறைந்தது. எனினும் தேனீ வளர்ப்பையும் வானிலைக் குறிப்பையும் அவர் விடவில்லை. தங்கை செய்த உதவியையும் மறக்கவில்லை. தெரேசியாவின் மூன்று ஆண்மக்கள் கல்வி கற்கத் துணைநின்றார். அவர்களுள் இருவர் மருத்துவராயினர்.

1884ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் மெண்டல் இயற்கை எய்தினார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1900ஆம் ஆண்டில், டி விரீஸ், கொரென்ஸ், செர்மாக் ஆகிய மூன்று அறிஞர்களால் அவருடைய ஆய்வு மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது.

நாம் பெறும் படிப்பினை

பெற்றோர்களே! தேர்வில் தவறிய பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும், எவரிடமும் பேசாமலும் கிடந்தால், அதனைச் சோம்பல் என்று முடிவு கட்டிவிடலாகாது. உள்ளத்திற்கும் நோய் உண்டு. அதற்கு மருத்துவமும் உண்டு. மெண்டலின் தங்கை பொருளை ஈந்தார். நாப் அடிகளார் பொருந்திய பணியைத் தேடித் தந்தார். இவ்விருவரும் இல்லையெனில் பிரனோ நகர்ப் பாத்தியில் அப்பட்டாணி முளைத்திராது. நம் பிள்ளைக்கு எப்பணி இயல்பாகப் பொருந்தும் என்பதை நாமும் பொறுமையோடு கண்டறிதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! மனம் தாங்காத துயரம் வந்தால் அதனை உள்ளே புதைத்து வைக்காதீர்கள். பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, நம்பிக்கைக்குரிய பெரியோரிடமோ சொல்லுங்கள். ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியை நாடுங்கள். தேர்வில் தோற்ற ஆண்டிலேயே மெண்டல் விதை நட்டார். நாமும் அவ்வாறே நம் கைக்கு எட்டிய பணியை நாளும் செய்து உயர்வோமாக!