பழைய கார் என்ஜினை மாட்டி விமானம் ஓட்டிய கிராமத்து மெக்கானிக்!

சொந்த விமானம் என்றாலே கோடீஸ்வரர்கள் சமாச்சாரம் என்றுதான் நினைப்போம். ஆனால் ரோட்டில் ஓடுகிற கார் என்ஜினைக் கழற்றி மாட்டி, தானே விமானம் செய்து பறந்து காட்டினார் ஒரு மெக்கானிக். அவர் பெயர் பெர்னார்ட் பீட்டன்போல்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்கிற குக்கிராமத்தில் வாழ்ந்தவர் இவர். பிறந்தது 1901-ல். என்ஜினீயரிங் காலேஜ் பக்கமே போகாதவர். ஸ்பேனர் பிடித்துப் பிடித்தே தொழில் கற்றவர்.

அந்தக் காலத்தில் விமான என்ஜின் விலை சாமானியனுக்கு எட்டாது. அதனால் முதலில் போர்டு 'டி' மாடல் கார் என்ஜினை வைத்துப் பார்த்தார். சக்தி பத்தவில்லை. 1927 கடைசியில் போர்டு 'ஏ' மாடல் கார் வந்தது. 4 சிலிண்டர், 40 குதிரை சக்தி. இதுதான் நமக்கு சரிப்பட்டு வரும் என்று பிடித்துக் கொண்டார்.

காரில் இருந்தபடியே மாட்டினால் வேலைக்கு ஆகாது. என்ஜினைத் திருப்பிப் போட்டு, பிளைவீல் பக்கம் புரொப்பல்லரைப் பொருத்தினார். தீப்பொறிக்கு பேட்டரியை நம்பாமல் மேக்னட்டோ வைத்தார். ரேடியேட்டரை என்ஜினுக்கு மேலே தூக்கி நிறுத்தினார். மெதுவாகச் சுற்றும் என்ஜின் என்பதால் நடுவில் கியரே தேவைப்படவில்லை. மரமும் துணியும் கொண்டு செய்த அந்த 2 சீட் விமானத்துக்கு 'ஏர் கேம்பர்' என்று பெயர் வைத்தார்.

ரோட்டில் என்ஜின் நின்று போனால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். வானத்தில் நின்றால் உயிருக்கே உலை. அதனால் கார் என்ஜின் விமானத்துக்கு ஒத்து வராது என்று 'மாடர்ன் மெக்கானிக்ஸ்' பத்திரிகை ஆசிரியர் வெஸ்டி பார்மர் அடித்துச் சொல்லி வந்தார்.

பீட்டன்போல் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. 1930-ல் நண்பரையும் சேர்த்துக்கொண்டு, கார் என்ஜின் மாட்டிய 2 விமானங்களில் ஆசிரியர் இருந்த மினியாபோலிஸ் நகரத்துக்கே பறந்து போய் இறங்கினார். நேரில் பார்த்த ஆசிரியர் ஆடிப்போய் விட்டார். விமானத்தின் வரைபடத்தைத் தன் பத்திரிகை நிறுவனம் மூலமாகவே வெளியிட்டார். 1932-ல் வந்த கையேட்டிலும் அது இடம் பிடித்தது.

அப்போது அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம். வேலை இல்லாமல் ஜனங்கள் திண்டாடிய நேரம். கையில் காசு இல்லாத இளைஞர்கள் கூட பழைய கார் என்ஜினைத் தேடிப்பிடித்து விமானம் கட்டத் தொடங்கினார்கள். இன்னும் சிக்கனமாகச் செய்ய நினைத்தவர்களுக்காக, 'டி' மாடல் என்ஜினில் ஓடும் ஒரு சீட் விமானம் 'ஸ்கை ஸ்கவுட்'டையும் உருவாக்கினார்.

பிற்காலத்தில் டி.வி. ரிப்பேர் கடை நடத்தியபோதும் விமான ஆசை அவரை விடவில்லை. 1960-களில் செவ்ரோலெட் கோர்வேர் காரின் 6 சிலிண்டர் என்ஜினை மாட்டிப் பறந்தார். அது காற்றிலேயே குளிரும் என்ஜின். ரேடியேட்டர் சுமை மிச்சம்.

1984-ல் பீட்டன்போல் காலமானார். அவர் வேலை செய்த பட்டறையை வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் அமெரிக்கா சேர்த்துள்ளது. அவர் போட்ட வரைபடத்தை வைத்து வீட்டு ஷெட்டில் விமானம் கட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிலர் அதே பழைய போர்டு 'ஏ' என்ஜினைத்தான் மாட்டிப் பறக்கிறார்கள்.