தோல்விக்குப் பின் ஒரு முடிவு

ஹாக்கி உலகின் மந்திரவாதி என்று போற்றப்பட்டவர் தியான் சந்த். இவர் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் இந்தியாவின் அலகாபாத் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை இராணுவ வீரர். தியான் சந்தும் 1922ஆம் ஆண்டு இராணுவத்தில் சேர்ந்தார். பகலில் பணி இருந்ததால், இரவில் நிலவொளியில் பந்தைத் தட்டிப் பழகினார். அதனால்தான் நிலவைக் குறிக்கும் ‘சந்த்’ என்னும் சொல் அவர் பெயரோடு சேர்ந்தது என்பர்.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டியில் இந்தியக் குழு தங்கம் வென்றது. அதில் தியான் சந்த் மட்டும் 14 கோல்கள் புகுத்தினார். அடுத்த ஒலிம்பிக் 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெறவிருந்தது. மாநிலங்களுக்கிடையிலான போட்டியைப் பார்த்துத்தான் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தனர். ஆனால், அப்போட்டியில் விளையாட இராணுவம் தியான் சந்துக்கு விடுப்பு அளிக்கவில்லை. இருப்பினும், அவருடைய பழைய ஆட்டங்களை நம்பித் தேர்வாளர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டனர். அவ்வாண்டு இந்தியா அமெரிக்காவை 24-1 என்னும் கோல் கணக்கில் வென்றது. தியான் சந்த் 8 கோல்களும் அவருடைய தம்பி ரூப் சிங் 10 கோல்களும் அடித்தனர்.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குத் தியான் சந்த் குழுத் தலைவரானார். ஒலிம்பிக் தொடங்குவதற்கு முன், ஜூலை 17ஆம் நாள், இந்தியக் குழு ஜெர்மனியுடன் ஒரு பயிற்சி ஆட்டத்தில் மோதியது. இரண்டு முறை தங்கம் வென்ற இந்தியா 4-1 என்று தோற்றது. அன்றிரவு ஆட்டக்காரர்களுக்கு உறக்கம் வரவில்லை. 1952இல் சென்னையில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் தியான் சந்த் இத்தோல்வியை மறைக்காமல் பதிவு செய்துள்ளார்.

பயிற்சி ஆட்டந்தானே என்று அத்தோல்வியை ஒதுக்கிவிட்டிருக்கலாம். குழு நிருவாகத்தினர் அவ்வாறு செய்யவில்லை. முன்வரிசையில் குறை இருப்பதை ஒப்புக்கொண்டனர். அலி இக்திதார் ஷா தாராவை உடனே அனுப்புமாறு தாயகத்திற்குத் தந்தி கொடுத்தனர். கடல் கடந்து வந்த ஓர் ஆட்டக்காரர் தம் இடத்தை இழக்க நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாதிவழியில் வரும் புதியவர் குழுவோடு ஒத்துப்போவாரா என்பது யாருக்கும் தெரியாது.

தாரா வந்து சேர்வதற்குள் முதற்சுற்று தொடங்கிவிட்டது. இந்தியா ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0 என்று வென்றது. அரையிறுதிக்குமுன் தாரா விமானத்தில் வந்திறங்கினார். பிரான்ஸ் 10-0 என்று வீழ்ந்தது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதியாட்டம் ஆகஸ்டு 15ஆம் நாள் நடைபெற்றது. இடைவேளையின்போது இந்தியா ஒரு கோல் மட்டுமே முன்னணியில் இருந்தது. பிற்பாதியில் கோல்கள் குவிந்தன. ஜெர்மனி 8-1 என்று தோற்றது.

வெற்றிக்குப் பின், தாராவை அழைத்தது சிறந்த முடிவு எனப் பலரும் பாராட்டினர். இறுதியாட்டத்தில் இந்தியா தோற்றிருந்தால், அதே முடிவைப் பதற்றத்தில் செய்த தவறு என்று கூறியிருப்பர். தாரா இல்லாமலே முதல் மூன்று ஆட்டங்களில் இந்தியா 20 கோல்கள் அடித்தது என்பதையும் மறக்கலாகாது. அப்படியானால் அம்முடிவை எவ்வாறு மதிப்பிடுவது? முடிவு எடுத்தவர்களிடம் அன்று இருந்தது ஒரு தோல்வி மட்டுமே. அத்தோல்வி காட்டிய குறையை அவர்கள் நேர்மையாகப் பார்த்தனர். சரிசெய்யக் காலம் இருக்கும்போதே செயல்பட்டனர். அதனால்தான் அம்முடிவு பாராட்டுக்குரியது. தங்கப் பதக்கம் பிறகு வந்த பயன்.

இதே உண்மையை மலேசியர்களும் கண்டனர். 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. அரையிறுதியில் மலேசியா 2-1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் இந்தியாவுக்காகச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என்று வென்றது. அந்த ஒரு பந்து விலகிப் போயிருந்தால், அவரை இறக்கியதே பிழை என்றாகியிருக்கும். பாகிஸ்தானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் அசோக் குமார். அவர் தியான் சந்தின் மகன்.

தியான் சந்த் 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் மறைந்தார். அவருடைய பிறந்தநாளை இந்தியா தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. கோலா சுங்கை பாருவின் பள்ளித் திடலானாலும் ஒலிம்பிக் அரங்கானாலும், குழுவைத் தேர்ந்தெடுப்பவருக்கு நாளைய முடிவு தெரியாது. ஆட்டம் முடிந்தபின் அவரைக் குறைகூறுவது எளிது. அன்று அவர் எதை அறிந்திருந்தார், அதை எவ்வளவு நேர்மையாக எண்ணிப் பார்த்தார் என்று ஆராய்ந்து பேசுவதே நியாயமான மதிப்பீடாகும்.